விளக்கின் குறுக்கே

ஹாலில் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கிய விளக்கு அணையவில்லை, மினுக்கவும் இல்லை. லேசாக மங்கி, சற்று நேரம் அப்படியே இருந்துவிட்டுப் பழையபடி ஆனது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவளுக்கு அதுதான் தொழில். தொலைதூர நட்சத்திரங்களின் வெளிச்சம் எப்போது இம்மியளவு குறைகிறது என்று ஆய்வுக்கூடத்தில் பகல் முழுக்கத் திரையைப் பார்த்துப் பார்த்து அவள் கண் அதற்குப் பழகியிருந்தது. நட்சத்திரத்தைச் சுற்றும் கோளை அங்கே யாரும் நேரில் பார்ப்பதில்லை. தன் நட்சத்திரத்தின் குறுக்கே அது போகும்போது வெளிச்சம் கொஞ்சம் குறையும். அந்தக் குறைச்சலை வைத்துத்தான் அப்படி ஒன்று இருப்பதையே சொல்வார்கள்.

அவளுடைய கணவர் எதையும் கவனிக்கவில்லை. அவரும் அதே ஆய்வுக்கூடம்தான், ஆனால் தலைவர் நாற்காலி. நாளைக்குப் பெரிய அரங்கில் பேச வேண்டும் என்று கையில் தாளோடு ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு, ஆய்வுக்கூடம் அண்மையில் கண்டுபிடித்த ஒரு புதுக் கோளைப் பற்றி. அதை முதலில் கண்டவள் அவள். கருவிக் கோளாறு, நேரத்தை வீணாக்காதே என்று சொன்னவர் அவர். அறிவிப்பு வந்த நாளில் மேடையில் நின்றவரும் அவரே. அவள் கீழே உட்கார்ந்து, ஊரோடு சேர்ந்து கைதட்டினாள். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

“ஏங்க, நாளைக்கு என் பேரையும் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை.”

“கேக்க வர்றவங்களுக்கு உன் பேரு எதுக்கும்மா?”

“கண்டுபிடிச்சது நான்.”

“நம்ம குழு கண்டுபிடிச்சுது. இவ்வளவு வயித்தெரிச்சல் உடம்புக்கு ஆகாது.” தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

விளக்கு மறுபடி மங்கியது. இந்த முறை இன்னும் கொஞ்சம் அதிகமாக. மின்சாரம் குறைந்தால் விசிறி தொய்ய வேண்டும், குளிர்சாதனப் பெட்டியின் முனகல் மாற வேண்டும். இரண்டும் அதது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. அப்படியானால் விளக்குக்கும் அவளுக்கும் நடுவே ஏதோ போகிறது. சுவரில் நிழல் இல்லை. காற்று அசையவில்லை. அடுப்பில் வெறும் வாணலியை வைத்து மறந்துவிட்டால் வீடெல்லாம் பரவுமே, அந்தக் காய்ந்த வாசனை மட்டும் அவள் மூக்கருகே வந்து, இடது கன்னத்தைச் சுடவைத்துவிட்டு, காது வழியாகப் பின்னால் போயிற்று.

சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து, வாசல் வழியாக ஹாலைப் பார்த்தபடியே ஒரு தட்டைக் கழுவினாள். ஹால் விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவள் தலைக்கு மேலிருந்த சமையலறை விளக்கு மங்கியது.

அது விளக்கைச் சுற்றவில்லை. அவரையும் சுற்றவில்லை.

ஈரக் கையோடு ஹாலுக்கு ஓடிவந்தாள். “இங்க ஏதோ சுத்துதுங்க. என்னைச் சுத்துது. ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்ட வருது.”

“உனக்குத் தலை சுத்துது. தண்ணி குடிச்சிட்டுப் படு.”

“விளக்கு மங்குற அளவு கூடிக்கிட்டே போகுது, நான் பாத்தேன்.”

“நீ என்னைக்குத்தான் பாக்கல?” என்று சிரித்துவிட்டு, எதிரே கூட்டம் இருப்பதுபோல் ஜன்னல் கண்ணாடியின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “நம்ம பூமியை மாதிரிப் பாறைதான், ஆனா பல மடங்கு எடை. நட்சத்திரத்தை ஒட்டி உரசுற மாதிரி சுத்துது. நமக்கு ஒரு நாள் முடியறதுக்குள்ள அதுக்கு ஒரு வருஷம் முடிஞ்சிடும். பகல் பக்கம் பாறையெல்லாம் உருகிக் கடலாக் கிடக்கு. அந்தக் கடல் ஆவியாகி இருட்டுப் பக்கம் போச்சுன்னா, குளிர்ந்து கல்லு கல்லா மழை பெய்யும்.”

அத்தனையும் அவள் எழுதிய வரிகள். ஒரு சொல்லைக்கூட மாற்றச் சோம்பல்.

“அதை விட வேடிக்கை, அந்தக் கோள் நட்சத்திரத்துக்கு ஒரே முகத்தைத்தான் காட்டும். எங்க சுத்தினாலும் கண்ணெடுக்காமப் பாத்துக்கிட்டே இருக்கும், புது மாப்பிள்ளை மாதிரி.” கூட்டம் சிரிப்பதற்காக நிறுத்தினார்.

புது மாப்பிள்ளையாக இருந்தபோதும் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு முறை, ஒரே முறை இந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தால் என்ன என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நொடியில் ஹால் பாதிக்கு மேல் இருண்டது. வாணலி வாசனை மூச்சை அடைத்தது. தாள் சரசரத்தது. அவர் குரல் வரவில்லை.

வெளிச்சம் திரும்பியபோது அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க?”

அவர் இமை அடிக்கவில்லை. கையிலிருந்த தாள் நெருப்பில்லாமலே ஓரத்திலிருந்து பழுத்துக் கறுத்து உதிர்ந்தது.

அவள் இடது பக்கம் நகர்ந்தாள். முகம் கூடவே வந்தது. வலது பக்கம். கூடவே வந்தது. கழுத்து திரும்பவில்லை. கால் எடுத்து வைக்கவில்லை. முழு உடம்பும் திரும்பியது.

வாசல் கதவை நோக்கி ஓடினாள். அவர் வழுக்கிக்கொண்டு வந்து முன்னால் நின்றார். மேசையைச் சுற்றி ஓடினாள். முன்னால் நின்றார். முகம் சிவந்திருந்தது. கோபச் சிவப்பு இல்லை. அடுப்புக்கரியின் சிவப்பு. புருவம் இல்லை. உதடு பளபளத்து, இளகி, மோவாய் வரைக்கும் வழிந்திருந்தது.

அந்த உதடு பிரிந்தது. அவள் பெயரைச் சொன்னது.

அனல் அவள் முன்மயிரைக் கருக்கியது.

“வேணாங்க.” அழுதாள். “சொல்ல வேணாம். யார்கிட்டயும் சொல்ல வேணாம்.”

அவர் நகரத் தொடங்கினார். அவளைச் சுற்றி. மெல்ல. கால்கள் தரையைத் தொடவில்லை. விளக்கைத் தாண்டினார், அறை இருண்டது. கதவைத் தாண்டினார். ஜன்னலைத் தாண்டும்போது கண்ணாடியில் அவருடைய முதுகு தெரிந்தது. பின்னந்தலை கன்னங்கறுப்பு. சட்டைக் காலரில் உறைபனி. அந்த இருட்டிலிருந்து பொடிப்பொடிக் கற்கள் சட்டை வழியே உருண்டு, சடசடவென்று தரையில் விழுந்துகொண்டிருந்தன.

மறுபடி அவள் பெயர். தெளிவாக. அவள் எத்தனையோ வருஷம் கேட்க ஏங்கிய அதே மேடைக் குரலில்.

கற்கள் அவளைச் சுற்றி ஒரு வட்டமாக விழுந்து கிடந்தன. அதற்குள்ளே, இன்னும் சிறிதாக, அடுத்த வட்டம் விழத் தொடங்கியது.