நனையாத குடை

"தம்பி... என்னை விட்டிட்டுப் போறியோ?"

கொட்வின் பிரேக்கில் ஏறி மிதித்தான்.

பின்னால் வந்த வேன்காரன் ஹோர்னை அழுத்திப் பிடித்தான்.

காருக்குள் வேறு யாரும் இல்லை. ஆனால் அந்தக் குரல்...

ஜம்புநாதனின் குரல்!

சற்று முன்பு, இதே நோர்பரித் தெருவில், தன் கராஜின் சீமெந்துத் தரையில், பின்மண்டையில் இரத்தம் கசியக் கண் மூடிக் கிடந்த அதே ஜம்புநாதன்!

"தம்பி... என்னை விட்டிட்டுப் போறியோ?"

பக்கத்து இருக்கையில் கிடந்த போன்தான் பேசியது. கொட்வினுக்கு அப்போதுதான் உறைத்தது.

குடை!

குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான்!

கொட்வின் குடையை மறக்காத நாள், லண்டனில் மழை பெய்யாத நாள். ரயிலில் விடுவான், தேவாலயத்தில் விடுவான், முடிவெட்டும் கடையில் விடுவான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜம்புநாதன் இந்த மடக்குக் குடையைக் கண்டுபிடித்தார். போன் குடையை விட்டு நாலைந்து வீடு தள்ளிப் போனால் குடை போனில் கூப்பிடும். திரும்பவும் கிட்ட வந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம். அதுவரைக்கும் நிமிடத்துக்கு இரண்டு தடவை புலம்பிக்கொண்டே இருக்கும். புலம்பலுக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. 'இங்கிலிசிலை கத்தினா எங்கடை ஆக்கள் காதிலை போடமாட்டினம்' என்பது அவருடைய விளக்கம்.

மனிதருக்கு மூளை ஓரிடத்தில் நிற்காது. ரயில்வேயில் சிக்னல் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர், கராஜுக்குள் புகுந்தால் எதையாவது கண்டுபிடிக்காமல் வெளியே வரமாட்டார். மடித்து வைக்கும் தேங்காய்த் திருவலை. சரிவில் தானாக நிற்கும் குழந்தை வண்டி. கொட்வினின் தேவாலயத்துக்காக மெழுகு சிந்தாத திரித் தட்டு. கடைக் குளிர்பெட்டியின் கதவைத் தானாகச் சாத்தும் கொக்கி. ஒன்றுக்கொன்று ஒட்டுமில்லை, உறவுமில்லை. எல்லாவற்றுக்கும் முறையாகப் பேட்டன்ட் எடுத்துவிடுவார்.

அந்தக் கொக்கியைத் தவிர!

அதற்குப் பேட்டன்ட் எடுத்தவன் கொட்வின். தன் சொந்தப் பெயரில்.

"இதிலை ஆற்றை பேர் இருக்கு, கொட்வின்?"

சற்று முன்பு கராஜுக்குள் ஜம்புநாதன் கேட்ட கேள்வி அது. கொட்வினுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கொக்கியின் பேட்டன்ட் தாளை நீட்டித்தான் கேட்டார்.

"அண்ணை, அது... கொம்பனிப் பேரிலை எண்டால் விக்க லேசு எண்டு..."

"நான் அதைக் கேக்கேல்லை. ஆற்றை பேர்?"

கொட்வின் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தான்.

"கேட்டிருந்தா நானே தந்திருப்பனேயடா! ஏன்ரா களவெடுத்தனி?"

அவர் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். அவன் தள்ளினான். வேண்டுமென்று தள்ளவில்லை... அப்படித்தான் கொட்வின் இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். ஆனால் வேலை மேசையின் இரும்பு விளிம்புக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

விழுந்தவருக்கு மூச்சு இருந்தது. கொட்வின் பார்த்தான். கையில் போன் இருந்தது. மூன்று எண்களை அழுத்தினால் போதும்.

அம்புலன்ஸ் வரும்.

கூடவே பொலிஸும் வரும்.

போனைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்து காரில் ஏறிவிட்டான்.

'திரும்பிப் போ!' என்றது மனசு. 'குடையையும் எடு. மனிசனையும் காப்பாற்று!'

காரைத் திருப்பினான். அதே நேரம் ஒரு சிவப்புக் கார் அவனைக் கடந்து ஜம்புநாதனின் வாசலுக்குள் நுழைந்தது. அவருடைய மனைவி பாலாம்பிகை!

'அப்பாடா... அக்கா வந்திட்டா. அவ பாத்துக்கொள்ளுவா.'

போனை நிறுத்திவிட்டு ரெய்னர்ஸ் லேனில் இருந்த தன் வீட்டுக்கு ஓட்டினான்.

பாலாம்பிகை பார்க்கவில்லை.

மறுநாள் காலை கொட்வினின் மனைவி மேரிசாந்தி அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

"இஞ்சையப்பா! ஜம்பு அண்ணை செத்துப்போனாராம்! கராஜுக்குள்ளை விழுந்து கிடந்தவராம்!"

"யேசுவே!" என்றான் கொட்வின். அந்தப் பெயரைச் சொல்ல நாக்குக் கூசியது.

"வாங்கோ, உடனை போவம்!"

"நீ பின்னேரம் வா. நான் முதல்லை போறன்."

துக்கம் அல்ல காரணம். குடை! அதன் கைப்பிடிக்குள் ஒரு மின்னணுச் சில்லு இருக்கிறது. பொலிஸ் அதைக் கழற்றினால் தன் போன் நம்பர் வந்துவிடும் என்று இரவு முழுவதும் வெந்துகொண்டிருந்தான்.

நோர்பரியில் மழை கொட்டியது. வாசலில் இடமில்லாமல் அடுத்த தெருவில் காரை நிறுத்திவிட்டு நடந்தான். சொட்டச் சொட்ட நனைந்தான். ஜம்புநாதனின் வீட்டை நெருங்கியதும் போனை இயக்கிச் சட்டைப் பைக்குள் போட்டான்.

'டிங்!'

குடை இங்கேதான் இருக்கிறது!

உள்ளே போனதும் வாசல் மூலையைப் பார்த்தான். பார்த்ததும் தலை சுற்றியது. வாளி ஒன்றில் ஏழெட்டுக் குடைகள். எல்லாம் கறுப்பு. எல்லாம் ஒரே கைப்பிடி. போன நத்தார்ப் பண்டிகைக்கு ஜம்புநாதன் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் இதே குடையைத்தான் பரிசாகக் கொடுத்திருந்தார்!

"தம்பி..."

பாலாம்பிகை நின்றாள். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"என்ன தம்பி இப்பிடி நனைஞ்சு வாறியள்? அவர் தந்த குடை எங்கை?"

கொட்வின் வாளியிலிருந்து கண்ணை எடுத்தான்.

"வீட்டிலை... மறந்திட்டன் அக்கா."

அவள் சிரிக்கப் பார்த்து அழுதாள்.

"உங்கடை மறதியாலைதானே அது பிறந்தது. பேட்டன்ட்டிலை உங்கடை பேரையும் போட்டவர், தெரியுமே?"

"என்ரை... பேரையோ?"

"ஓம். 'மறதி அவன்ரை, மூளை என்ரை, பாதிப் பாதி' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். உங்கடை பிறந்தநாளுக்குச் சொல்ல வைச்சிருந்தவர்."

நெஞ்சில் யாரோ ஓங்கி மிதித்தது போல இருந்தது கொட்வினுக்கு.

"எல்லாம் என்ரை பிழை தம்பி!" பாலாம்பிகை தலையில் அடித்துக்கொண்டாள். "கராஜுக்குள்ளை எண்டால் நான் அவரைக் கூப்பிடுறேல்லை. குழப்பக்கூடாதெண்டு விட்டிடுவன். அவர் அங்கை கிடக்க, நான் இஞ்சை நிண்டு புட்டு அவிச்சனான்! நான்தான் அவரைச் சாக விட்டனான்!"

"அக்கா... அப்பிடிச் சொல்லாதையுங்கோ..."

'இப்போது சொல்லடா! நான்தான் என்று சொல்லு!'

வாயைத் திறந்தான்.

"கொட்வின் அங்கிளோ?"

திரும்பினான். கறுப்புக் கோட்டுப் போட்ட ஓர் இளம்பெண். கழுத்தில் பொலிஸ் அடையாள அட்டை தொங்கியது.

"நான் விதுஷா. டிடெக்டிவ். சொறி, என்ரை தமிழ் கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். ரெண்டே ரெண்டு கேள்வி, ஓகே?"

"கே... கேளுங்கோ பிள்ளை."

"நேற்று இஞ்சை வந்தியளோ?"

"இல்லை."

"லாஸ்ற்றா எப்ப அவரைக் கண்டியள்?"

"போன கிழமை. எங்கடை சேர்ச்சிலை திரித் தட்டுப் பூட்ட வந்தவர்."

"ம்... கராஜுக்குள்ளை ரெண்டு தேத்தண்ணிக் கோப்பை இருந்தது அங்கிள். ஆரோ வந்திருக்கினம். விழுந்த உடனை அவர் சாகேல்லை எண்டு டொக்ரர் சொல்றார். ஒரே ஒரு போன் கோல்... அவர் இண்டைக்கு ஹொஸ்பிற்றல்லை இருந்து ஜெலி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்."

திறந்த வாய் மூடிக்கொண்டது. உண்மை தொண்டை வரை வந்து, பயந்து, திரும்பி உள்ளே போய்விட்டது.

"நான்... பேந்து வாறன் அக்கா."

வாசலுக்கு வந்தான். விதுஷா உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். வாளியைக் குனிந்து பார்த்தான். இதில் எது என்னுடையது?

ஈரம்... ஈரம்... இதுவும் ஈரம். வந்தவர்களின் குடைகளெல்லாம் மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தன.

ஒன்றைத் தவிர!

கடைசியில் ஒரு குடை, துளி ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. நேற்றிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கும் குடை!

'ஆண்டவரே, உமக்குத் தோத்திரம்!'

செய்த வேலைக்கு ஆண்டவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். குடையை உருவினான். விரித்தான். கேட்டைத் தாண்டினான். ஒரு வீடு... இரண்டு வீடு... நெஞ்சுப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தெருமுனை வந்துவிட்டது. கார் தெரிந்தது. சிரிப்புக்கூட வரப் பார்த்தது.

"தம்பி... என்னை விட்டிட்டுப் போறியோ?"

சட்டைப் பைக்குள்ளிருந்து ஜம்புநாதன் கேட்டார்!

கொட்வின் கல்லாகிப்போனான். குடை கையில்தானே இருக்கிறது! பிறகேன்...?

"தம்பி... என்னை விட்டிட்டுப் போறியோ?"

"உங்களைத்தான் கேக்கிறார் அங்கிள்! பதில் சொல்லுங்கோவன்!"

பின்னால் விதுஷா. மழையில் நனைந்தபடி நின்றாள்.

"நீங்கள் நனைஞ்சு வந்ததை நான் ஜன்னலாலை பாத்தனான். வரேக்கை குடை இல்லை. போகேக்கை குடை இருக்கு. எப்பிடி?"

"இது... இது என்ரை குடைதான் பிள்ளை!"

"உங்கடை குடை வாசல்லை நிக்கிற என்ரை காருக்குள்ளை இருக்கு. நேற்றுக் கராஜுக்குள்ளை எடுத்தது, சீல் பண்ணி வைச்சிருக்கு. உங்கடை போன் அதுக்குத்தான் கத்துது. கையிலை இருக்கிறது ஜம்பு அங்கிளின்ரை."

"அப்ப... இது ஏன் காய்ஞ்சு கிடந்தது?"

"அவர்தான் இண்டைக்கு வெளியிலை போகேல்லையே."

கொட்வின் அண்ணாந்து பார்த்தான். குடை அவன் தலைக்கு மேல் ஆடியது. இரண்டாவது தடவையும் அவருடைய பொருளையே களவெடுத்திருந்தான்!

"சில்லுக்குள்ளை என்ரை நம்பர் இருக்குமெண்டு..."

"அதுக்குள்ளை ஒரு மண்ணும் இல்லை! உங்கடை போனுக்குத்தான் குடையைத் தெரியும். குடைக்கு உங்களைத் தெரியாது. ஆற்றை குடையெண்டு கண்டுபிடிக்க ஏலாமல்தான் நான் காலமையிலையிருந்து முழிச்சுக்கொண்டு நிக்கிறன். நீங்கள் இதைத் தொடாமல், போனையும் ஓஃப் பண்ணிப்போட்டுப் போயிருந்தால், நான் இன்னும் முழிச்சுக்கொண்டுதான் நிண்டிருப்பன்."

"எனக்குத் தெரியாது..."

"பேட்டன்ட்டின்ரை முதல் பக்கத்திலையே எழுதியிருக்கு அங்கிள். உங்கடை பேரும் அதே பக்கத்திலைதான் இருக்கு. அவரின்ரை கொக்கி உங்கடை பேரிலை இருக்கிறதையும் பேட்டன்ட் பட்டியலிலை கண்டனான். களவெடுத்த பேட்டன்ட்டை மட்டும் வாசிச்சியள். தந்ததையும் ஒருக்கா வாசிச்சிருக்கலாம்!"

சத்தம் கேட்டுப் பாலாம்பிகை மழைக்குள் ஓடிவந்துவிட்டாள். அவளைக் கண்டதும் கொட்வின் உடைந்தான்.

"அக்கா! உங்களிலை ஒரு பிழையும் இல்லை! நான்தான் தள்ளினனான். அவருக்கு மூச்சு இருந்தது. போன் என்ரை கையிலை இருந்தது... நான் எடுக்கேல்லை! பயந்து ஓடிட்டன் அக்கா!"

பாலாம்பிகை அவனை அடிக்கவில்லை. திட்டவுமில்லை. அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குடையை எடுத்துக்கொண்டாள்.

"இதையாவது விடு" என்றாள்.

இத்தனை வருடம் 'வாங்கோ போங்கோ' என்று அழைத்த வாய் அது. கணவரின் குடையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

மழை கொட்வினின் தலையில் நேராக இறங்கியது. அழுகை எது, மழை எது என்று அவனுக்கே தெரியவில்லை. விதுஷா அவன் முழங்கையைப் பிடித்துத் தன் காருக்கு நடத்திப் போனாள். காரை நெருங்கியதும் அவன் சட்டைப் பை 'டிங்!' என்றது.

"குடை..." என்றான் கொட்வின், என்ன சொல்வதென்று தெரியாமல்.

விதுஷா பின்கதவைத் திறந்துவிட்டாள்.

"அது தேவைப்படாது அங்கிள். நீங்கள் போற இடத்திலை கூரை நல்ல பலம். நீங்கள் மறந்தாலும், கதவைப் பூட்ட அவங்கள் மறக்கமாட்டாங்கள்!"