கடல் வந்த கிணறு

நபீலாவின் கோழிக்கூட்டில் தண்ணீர் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடத்தான் வேண்டும், முந்நூறு குஞ்சுகள் காலையில்தான் வந்திறங்கியிருந்தன. ஆனால் பின்னேரம் அசர் பாங்கு சொல்வதற்குள், வளர்ந்த கோழிகளே ஒரு கிழமைக்குக் குடிக்கிற தண்ணீரை அது காட்டியது.

எங்கேயோ ஒழுகுகிறது என்று வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்தாள். விரித்திருந்த உமி ஈரமேயில்லாமல் மொரமொரத்தது. குழாயின் அடியில் தொங்கிய, கொத்தினால் தண்ணீர் சொட்டும் நிப்பிள்களைக் குஞ்சுகள் கொத்தக் கொத்த டிக், டிக் என்று கூடு முழுக்கச் சத்தம். வெந்த தகரக்கூரையின் சூட்டுக்குள், உமி மணத்துக்குள், எங்கிருந்தோ கடற்சேற்று வாடையும் வந்தது. ஒரு குஞ்சைத் தூக்கி, வழக்கம்போல் கழுத்தடியில் இரைப்பையை விரலால் தடவினாள். குடித்த குஞ்சுக்கு அது குழைய வேண்டும். இது காய்ந்துபோயிருந்தது. அடுத்ததும் அப்படித்தான்.

வால்வைப் பூட்டினாள். மீட்டர் நிற்கவில்லை.

பைப் தண்ணீரை வெட்டிவிட்டார்களென்று, சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்றோடு மூடிக்கிடந்த கிணற்றைப் போன கிழமை பிடிவாதமாகத் திறப்பித்து, கூட்டுக்குத் தண்ணீர் இழுத்தவள் அவள்தான். திறந்து கொடுத்த தம்பி மிஹ்லாருக்குப் போன் எடுத்தாள்.

"நான் அப்பவே சொன்னன் ராத்தா. அதுக்குள்ள இருந்து எத்தனை பேர்ட மையித்து எடுத்தம்."

"எல்லாத்தையும் எடுத்தாச்சுதானே?"

"எல்லாத்தையும் எடுக்கல்ல ராத்தா."

மத்தியானம் மகளுக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் வார்த்துக் கொடுத்திருந்தாள்.

"உம்மா, தண்ணி."

கூட்டு வாசலில் ஆறு வயது றுஸ்னா வெறும் கோப்பையோடு நின்றாள். உதடு வெடித்து வெளுத்திருந்தது.

"இப்பதானே குடிச்ச மகள்?"

"ஓம். இன்னும் தாகமா இரிக்கி."

நபீலா வீட்டுக்கு ஓடிப்போய்க் கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து மூடியைத் திறந்து கொடுத்தாள். பிள்ளை ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு போத்தல். அதுவும் போயிற்று. வயிறு ஒட்டியே கிடந்தது. ஓதத் தொடங்கிய சூறாவெல்லாம் பாதியில் அறுந்தன. யா அல்லாஹ், பிழை விட்டது நான், பிள்ளையில்லையே என்று அழுதாள். கேட்க யாருமில்லை.

கூட்டில் சத்தம் குறைந்தது. பத்து நிப்பிள். ஐந்து. இரண்டு. முந்நூறு குஞ்சுகளும் கொத்துவதை விட்டு, தலையைத் திருப்பி, வாசலைப் பார்த்து நின்றன.

ஆனாலும் ஒரு டிக் மட்டும் நிற்கவில்லை.

மிகப் பக்கத்தில்.

விரலால் மகளின் தொண்டையைத் தடவினாள். காய்ந்த தோல். அதற்கடியில், உள்ளேயிருந்து, ஏதோ கொத்திக்கொண்டிருந்தது.

"உம்மா," என்றாள் றுஸ்னா, வாயைத் திறக்காமல். "தண்ணி."