பிடரியில் ஒரு விரல்

கரும்பலகை ஈரமாக இருந்தது.

கொக்கு அதைத் தொட்டுப் பார்த்தான். யாரோ சற்றுமுன்தான் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போனதுபோல, விரல் நுனியில் சில்லென்று சாம்பல் நிறக் குழம்பு ஒட்டியது. பள்ளிக்கூடத்தை மூடி வருடக்கணக்காகிவிட்டது. அடுத்த வாரம் இடிக்கப்போகிறார்கள். இந்த அறையின் பூட்டைக் காவல்காரர் இப்போதுதான் எண்ணெய் விட்டு, முனகிக்கொண்டே திறந்துவிட்டுப் போயிருந்தார்.

"கூரை ஒழுகுது போல," என்றான் சோடா, அண்ணாந்து பார்த்தபடி. கூரையில் ஒட்டடைதான் தொங்கியது. மழை பெய்தே மாதக்கணக்காகியிருந்தது.

இடிப்பதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தார்கள், ஒரே வகுப்பில் படித்த நான்கு பேர். கழுத்து நீளம் என்பதால் அவன் கொக்கு. இப்போது அந்தக் கழுத்தைத் தாடைச் சதை பாதி விழுங்கிவிட்டது, பெயர் மட்டும் போகவில்லை. ஊரில் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். புட்டிக் கண்ணாடி போட்ட சோடாவுக்கு இன்றைக்கும் பவர் பார்த்துக் கொடுப்பவன் அவன்தான். தொண்டை பெரிதான மைக், வீடு நிலம் விற்கும் தரகனாகியிருந்தான். ஓரிடத்தில் நிற்காத பம்பரம் நர்ஸாகி, அங்கேயும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மாலை வெயில் ஜன்னல் கம்பிகள் வழியே சாய்ந்து விழுந்தது. வெளியே மைதானத்தில் துருப்பிடித்த ஊஞ்சல் கிறீச்சிட்டது. கொக்குவின் மகளை மைக்கின் மனைவி ஆட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, போலாமா?"

"இதோ வந்துடறேன் கண்ணு."

பம்பரம் ஒரு மேசையைப் புறங்கையால் தட்டிப் பார்த்தாள். "பூனை சாரோட கடைசி பீரியடு ஞாபகம் இருக்கா?"

யாருக்குத்தான் இல்லை? கடைசி பீரியடில் பூனை சார் பாடம் நடத்தமாட்டார். "தலையைக் கவிழ்" என்பார், அவ்வளவுதான். எல்லோரும் மேசை மேல் கைகளை மடித்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். கண்ணைத் திறக்கக் கூடாது. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு அவர் வரிசைகளுக்கு நடுவே நடப்பார். காலடி கேட்கவே கேட்காது. சாக்பீஸும் ஈரத் துணியும் கலந்த அந்த வாசனை நெருங்கினால்தான் ஆள் பக்கத்தில் வந்துவிட்டார் என்று தெரியும். ஆடாமல் அசையாமல் இருக்கிற பிள்ளையின் பிடரியில் ஒரு விரலை வைப்பார். விரல் பட்டவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். படாதவர்கள் காத்திருக்க வேண்டும்.

"நினைச்சா சுகமா இருக்கு," என்றாள் பம்பரம். "இப்பல்லாம் வார்டுல ஒரு நிமிஷம் தலை சாய்க்க முடியுதா?"

"உனக்கென்ன, நாள் பூரா சுத்திட்டு அப்ப மட்டும் கல்லு மாதிரி கிடப்பே. முதல் ஆளா ஓடிடுவே," என்றான் கொக்கு. "நான்தானே கடைசில தனியா கிடப்பேன்."

"ஒரு தடவை செஞ்சு பார்ப்போமா?" என்றான் மைக்.

"சாருக்கு எங்க போறது?" என்றான் சோடா.

"அவரு போய்ச் சேர்ந்து எவ்ளோ நாளாச்சு. சும்மா ஒரு நிமிஷம் படுத்துட்டு, எந்திரிச்சுப் போய் காபி குடிப்போம்."

சிரித்துக்கொண்டே அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். கொக்குவுக்குக் கடைசி பெஞ்சு, சுவரோரம். உடம்பைக் கோணலாக்கித்தான் உள்ளே நுழைய முடிந்தது. முழங்கால்கள் இரண்டும் மேசைக்கடியில் இறுகச் செருகிக்கொண்டன. மைக் பூனை சாரின் குரலில், "தலையைக் கவிழ்," என்றான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கொக்கு முகத்தைக் கைகளில் புதைத்தான்.

இருட்டு. சட்டைத் துணியின் வெதுவெதுப்பு, தன் மூச்சின் வாடை, பழைய மரத்தின் புளித்த மணம், தூரத்தில் ஊஞ்சலின் கிறீச், அதற்கும் அப்பால் ஏதோ வண்டியின் ஹாரன் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இத்தனை வருடமும் தோளில் ஏறிக்கொண்டே போன கனத்தை மெல்ல இறக்கி வைப்பது போலிருந்தது. இப்படியே கிடந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

முதலில் வாசல் பக்கம். பிறகு முன்வரிசையில். சாக்பீஸ், ஈரத் துணி. மைக் வேண்டுமென்றே விளையாடுகிறான், கரும்பலகைத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றுகிறான் என்று கொக்கு நினைத்துக்கொண்டான். எந்தத் துணி? அறையில் துணி ஏதும் இருந்ததாக நினைவில்லை.

முன்னால் ஒரு பெஞ்சு முனகியது. செருப்புகள் வேகமாக வாசலைத் தாண்டிப் போயின. பம்பரத்தின் நடை. பின் இன்னொரு பெஞ்சு. சோடா தொண்டையைச் செருமிக்கொண்டே போனான். அப்புறம் மைக்கின் கனத்த காலடி.

அப்படியானால், நடப்பது மைக் இல்லை.

வாசனை பின்வரிசைக்கு வந்தது. கொக்குவின் முதுகுக்குப் பின்னால் நின்றது.

பிடரி முடி சிலிர்த்தது. அசையக் கூடாது. நாற்பதைத் தாண்டிய மனிதன், கடை வைத்து நடத்துகிறவன், ஒரு பிள்ளைக்குத் தகப்பன், மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு விரலுக்காகக் காத்திருந்தான். தொட்டுவிடு. தொட்டுவிட்டால் போய்விடுவேன்.

கழுத்தில் நரம்பு ஒன்று துடித்தது. தலை ஒரு கடுகளவு ஆடியது.

வாசனை விலகிப் போனது.

கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. வெளித் தாழ்ப்பாள் விழுந்தது.

தலையைத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. யாரும் அழுத்தவில்லை. மரத்துப்போன கையை அசைக்க முயல்வதுபோல, கழுத்துதான் தன்னுடையதாக இல்லை. வாயைத் திறந்தான். சட்டைத் துணியில் எச்சில் நனைந்ததே தவிர, குரல் வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பேச்சு கேட்டது.

"எவன்டா என் பிடரில கை வெச்சது?" மைக்கின் குரல்.

"நானில்ல."

"நானும் இல்லப்பா. கொக்குவா இருக்கும்," என்றாள் பம்பரம். "அவன் எங்க?"

இங்கே. இங்கேதான். கத்தினான். உள்ளுக்குள் மட்டும்.

"இதோ வந்துட்டேன்," என்றது ஒரு குரல்.

அவன் குரல்.

"ஏன்டா லேட்டு? இன்னிக்கும் நீதான் கடைசியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் குரலும் சிரித்தது, அவன் சிரிக்கிற மாதிரியே, கடைசியில் லேசாக இழுத்து. ஊஞ்சல் நின்றது. சின்னக் கால்கள் மணலில் ஓடி வந்தன.

"அப்பா, போலாமா?"

"போலாம் கண்ணு."

மணலில் இரண்டு ஜோடிக் காலடிகள் நடந்தன.

"உங்க கை ஏன்ப்பா இவ்ளோ ஈரமா இருக்கு?"

கார்க் கதவு திறந்தது. மூடியது. அவனுடைய கார். இஞ்சின் கிளம்பும்போது வரும் அந்த இருமல் அவனுக்குத் தெரியும். காவல்காரர் வாயில் கதவை இழுத்துப் பூட்டினார். சாவிக்கொத்து குலுங்கும் சத்தம் தூரத்தில் தேய்ந்தது.

பிறகு ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. மூச்சு. அவனுடையது ஒன்று. அதைச் சுற்றிலும், மெல்லிய, ஒழுங்கான, பல மூச்சுகள்.

கழுத்து மெதுவாக அவன் வசத்துக்கு வந்தது. தலையை நிமிர்த்தினான். ஜன்னலில் வெயில் வடிந்துகொண்டிருந்தது. எல்லாப் பெஞ்சுகளிலும் பிள்ளைகள். நெருக்கியடித்து, கைகளை மடித்து, தலை கவிழ்ந்து. ஒரு தலையும் அசையவில்லை. கதவு வரை வரிசை வரிசையாக ஒல்லிப் பிடரிகள்.

எழப் பார்த்தான். முழங்கால்கள் வரவில்லை.

அவனுக்குப் பக்கத்திலிருந்த பிள்ளை, இடம் போதாது என்று நினைத்ததோ என்னவோ, பெஞ்சில் சற்று நகர்ந்து கொடுத்தது.

"ஆடாதீங்க," என்றது கிசுகிசுப்பாக. "ஆடினா முதல்லேருந்து."

சொல்லிவிட்டு, கைகளுக்குள்ளிருந்து முகத்தை மெல்ல அவன் பக்கம் திருப்பியது. எத்தனை காலம் அழுந்திக் கிடந்ததோ, முகம் பலகையாய்த் தட்டையாகியிருந்தது. மூக்கு இருந்த இடத்தில் மரத்தின் ரேகைகள் ஓடின. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில், சட்டைக் கையின் மடிப்பு பதிந்த இரண்டு கோடுகள் மட்டும்.