பம்புக்குள் ஒரு மீன்!

"என்னங்க...!"

படகின் குளியலறையிலிருந்து அலறல் வந்தது.

"என்னம்மா?"

"தண்ணி பச்சையா வருதுங்க! பாசி மிதக்குது!"

கணவன் குளியலறை வாசலில் வந்து நின்றான். சட்டைக் கையை நிதானமாக முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டான்.

"ஏரித் தண்ணி பின்னே எப்படி வரும்? பன்னீர் மாதிரியா?"

"நேத்துதானே மெக்கானிக் வந்து வடிகட்டியெல்லாம் சுத்தம் பண்ணிட்டுப் போனான்? நேத்து கண்ணாடியாட்டம் வந்துச்சே!"

"மூலிகைக் குளியல்னு நினைச்சுக்கோ. நாளைக்கு நீதான் என்னை விட்டுட்டு உங்க அக்கா வீட்டுக்குப் போகப்போறியே... கடைசியா நம்ம படகுல ஒரு குளியல் போடு!"

அவள் சிரித்தாள். பாவம், சிரித்தாள்! கால் நீட்டித் தொட்டியில் சாய்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. பகல் மூன்று மணி. நடு ஏரியில் நங்கூரம் போட்ட படகு. கூப்பிட்டால் கேட்க ஒரு காக்கை கூடக் கிடையாது.

அவனை விட்டு யாரும் போகக் கூடாது. அவனாகப் பார்த்து அனுப்பினால்தான் உண்டு!

ஏரியில் தள்ளிவிட முடியாது. அவளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. அசால்ட்டாக நீந்திக் கரையேறிப் போலீசுக்கு போன் போட்டுவிடுவாள்.

அதனால்தான் தொட்டி.

குனிந்தான். இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்தான்.

ஒரே இழு!

பின்னந்தலை தொட்டி விளிம்பில் மோதி உள்ளே போயிற்று. கைகள் வழுவழுப்பான பக்கங்களில் பிடிமானம் தேடின. கிடைக்கவில்லை. அவள் குடித்தது முழுக்கப் பச்சைத் தண்ணீர்... அவன் பார்த்துக்கொண்டிருந்தது சுவர்க் கடிகாரத்தை.

நாலு நிமிஷம்.

'இவ்வளவு நேரமா ஆகும்!' என்று சலித்துக்கொண்டான்.

பிறகு அவளுக்கு உடை மாட்டி ஏரியில் இறக்கிவிட்டான். துடுப்புப் படகில் கரைக்குப் போனான். ரொட்டி வாங்கினான். கடைக்காரரிடம் முக்கால் மணி நேரம் அரட்டை அடித்தான். திரும்பி வந்து, 'மிதக்கும் மனைவி'யைப் பார்த்து அலறினான்.

பிரமாதமான அலறல்!

*

செவ்வாய்க்கிழமை. மதியம் ஒரு மணி.

ஸ்டேஷன் வரவேற்பறையில் ஏட்டு, கண்ணாடித் தொட்டி மீன்களுக்குத் தீனி தூவிக்கொண்டிருந்தார். வேறு யாரும் தூவினால் அவருக்குப் பிடிக்காது.

உள்ளே, இன்ஸ்பெக்டர் எதிரே இறந்தவளின் அக்கா.

"நாலு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டாகணும்," என்றாள் இன்ஸ்பெக்டர். "போட்டா இது விபத்து. ஆறு மணிக்கு உங்க தங்கச்சி வீட்டுக்காரருக்கு ப்ளைட். வெளிநாடு."

"போடாதீங்க மேடம்! அவ ஆறு வயசுலேர்ந்து நீந்தறா!"

"தலையில அடிபட்டிருக்கு. படகுக் கம்பியில மோதி விழுந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றார். நுரையீரல் முழுக்க ஏரித் தண்ணி. பாசியோட."

அக்கா பையைத் திறந்தாள். மூடினாள். எதற்காகத் திறந்தோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"அவளுக்காக என் வீட்டுல ஒரு ரூம் ஒழிச்சு வெச்சிருக்கேன் மேடம். கட்டில்ல புது விரிப்பு... இன்னும் அப்படியே கிடக்கு..."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தாள்.

"படகுல குளியல் தொட்டி இருக்கா?"

"இருக்கு. ஏரியிலேர்ந்துதான் தண்ணி ஏத்துவாங்க."

"ஏட்டு! வண்டியை எடுங்க!"

*

படகைத் துறையில் கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். கணவன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். இன்ஸ்பெக்டர் எடுத்த எடுப்பில் குளியலறை எங்கே என்று கேட்டாள்.

"தொட்டியில அமுக்கிட்டேன்னு நினைக்கறீங்களா?" என்று சிரித்தான். "வாங்க மேடம். நீங்களே பாருங்க."

குழாயைத் திருகினான்.

தண்ணீர் பளிங்காகக் கொட்டியது.

"வடிகட்டி வர்ற தண்ணி. இதுல பாசி எங்கே மேடம்? என் சம்சாரம் நுரையீரல்ல இருந்துச்சே... அது எப்படி வந்துச்சு? தபால்லயா?"

"வடிகட்டியைக் கழட்டிட்டா?"

"எனக்கு ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகணும்னே தெரியாது! இந்தப் படகுல ஒரு குழாய், ஒரு பம்பு நான் தொட்டதில்ல. எல்லாம் மெக்கானிக் வேலை. எழுதிக்கோங்க!"

ஏட்டு எழுதினார். அவன் ஸ்டைலாகக் கையெழுத்தும் போட்டான்.

மணி இரண்டே கால்.

மெக்கானிக் வந்தான். துறை முழுக்க அவனுக்கு 'வாஷர்' என்றுதான் பேர். தரைப் பலகையைத் தூக்கினான். கீழே குழாய்களின் குடும்பமே படுத்திருந்தது.

"ரொம்ப சிம்பிள் மேடம். படகோட அடியில ஒரு ஓட்டை. அதுக்கு மேல வால்வு. அப்புறம் கம்பி வலை... செடி, குப்பை, மீன் எதையும் விடாது. அப்புறம் பம்பு. பம்பைத் தாண்டினா வடிகட்டி. பாசி அங்கேயே நின்னுடும். மிச்சம்தான் குழாய்க்குப் போகும்."

"யாராவது கழட்டியிருக்காங்களா?"

வாஷர் டார்ச்சோடு படுத்தான்.

"மேடம்... கொஞ்சம் கீழே வாங்க."

வலையின் மூடியில் சிவப்பாக ஒரு கோடு. மூடிக்குக் கீழே, கிண்ணத்திலும் ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"மூடியை முடுக்கினதும் மேலேர்ந்து கீழே ஒரே கோடா இழுத்துடுவேன். என் சம்சாரத்தோட நெயில் பாலிஷ். தண்ணியில அழியாது. படகு ஆடி ஆடி மூடி தளர்ந்தா, கோடு விலகிக் காட்டிக் குடுக்கும். ஆனா இது தளரல மேடம்... நான் முடுக்கினதை விட அதிகமா முடுக்கியிருக்கு!"

"வடிகட்டி மூடி?"

"அதுவும்தான். சனிக்கிழமை நான் இழுத்த கோடு. யாரோ ரெண்டையும் திறந்து மூடியிருக்காங்க."

யாரோ!

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு யாரையும் ஜெயிலில் போட முடியாது. மாட்டிக்கொண்டால் வாஷர் மேலேயே பழியைத் தூக்கிப் போடுவான் அவன்.

இன்ஸ்பெக்டர் மேலே வந்து ஏட்டுவின் காதில் ஏதோ சொன்னாள்.

ஏட்டுவின் முகம் தொங்கிப்போயிற்று.

"மேடம்... அதையா?"

"அதைத்தான். ஓடுங்க!"

*

மணி மூன்று நாற்பது.

ஏட்டு டிபன் பாக்ஸோடு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் தரைப் பலகைக்குக் கீழே, வாஷரிடம் இறங்கினார். வெறுங்கையோடு ஏறி வந்தார்.

"இருபது நிமிஷம்தான் இருக்கு மேடம்," என்றான் கணவன், கடிகாரத்தைத் தட்டி.

அக்கா ஒரு மூலையில் நின்றாள். உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கசிந்திருந்தது.

"வாஷர், பம்பைத் திற," என்றாள் இன்ஸ்பெக்டர்.

ஸ்பானர் சத்தம். மூடி கழலும் சத்தம். பிறகு...

"மேடம்!!"

வாஷரின் உள்ளங்கையில், விரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் நிற மீன். செத்திருந்தது.

"பம்புக்குள்ள மீன் மேடம்! வலை இருந்தா ஒரு கடுகு கூட உள்ளே வராது!"

இன்ஸ்பெக்டர் கணவன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களா? ஞாயிற்றுக்கிழமை வலையும் இல்ல, வடிகட்டியும் இல்ல. ஏரித் தண்ணி பாசியோட, மீனோட அப்படியே ஏறியிருக்கு. நேரா உங்க தொட்டிக்கு! வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் பழையபடி மாட்டிட்டீங்க. ஆனா பம்பைத் திறந்து பார்க்க மறந்துட்டீங்க. அவசரக்காரர்!"

"பொய்!"

"கண்ணெதிரே மீன் இருக்கே!"

"இருக்க முடியாது! இது செட்டப்!"

"ஏன் இருக்க முடியாது? இவ்வளவு சுத்தமா ஒரு கொலையைப் பண்ணிட்டு, பம்பைக் கழுவாம விட்டுட்டீங்களே... மண்டையில சரக்கு அவ்வளவுதானா?"

அவன் முகம் ஜிவ்வென்று சிவந்தது. அவனை முட்டாள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"யாருக்கு சரக்கு இல்ல? பம்பை நானே கழட்டி மூணு தடவை கழுவினேன்! பிரஷ் போட்டுத் தேய்ச்சேன்! ஒரு பாசி கூட இல்ல... மீன் எங்கேர்ந்துடீ வரும்...?"

நின்றான்.

படகு லேசாக ஆடியது.

"பம்பைத் தொட்டதே இல்லைன்னு கையெழுத்துப் போட்டவர்," என்றாள் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "எதுக்குக் கழுவினீங்க?"

ஏட்டு விலங்கை மாட்டினார்.

அக்கா அவன் எதிரே வந்தாள். அடிப்பாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அடிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க... அவ ரொம்பக் கஷ்டப்பட்டாளா?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். தோற்றவனிடம் மிச்சம் இருந்த ஒரே ஆயுதம் அது. எடுத்தான்.

"நாலு நிமிஷம்தான் அண்ணி. கடிகாரம் பார்த்தேன்."

அக்கா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அழுகை கூட வரவில்லை. வாஷர் அவளுக்குத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனான்... சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, தன் பாட்டிலை எடுத்து நீட்டினான்.

மணி நாலு. இன்ஸ்பெக்டர் விபத்துக் காகிதத்தைக் குறுக்கே கிழித்தாள்.

ஜீப்பில் ஏறும்போது ஏட்டுவின் கையில் அந்த டிபன் பாக்ஸ். திறந்து மீனைப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"மேடம்... அந்தம்மாவைக் கொன்னவனுக்கு விலங்கு மாட்டியாச்சு. என் மீனைக் கொன்னவங்களை என்ன பண்றது?"

இன்ஸ்பெக்டர் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டாள்.

"விபத்துன்னு எழுதிக்கோங்க, ஏட்டு... கால் வழுக்கித் தொட்டிக்கு வெளியே விழுந்துடுச்சு!"