கீழ்க்குரலுக்கு விட்ட இடம்

பஜனைக்கு வந்தவர்கள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அடுப்படியில் எவர்சில்வர் தட்டுகள் மெல்ல நடுங்கின. கோப்பை கழுவிக்கொண்டிருந்த மோகனா திரும்பிப் பார்த்தாள்.

"லோரி லா, வேற என்ன," என்றான் அவள் புருஷன் கவிநேசன்.

மலாக்காவின் புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலைகளுக்கு நடுவே வீடு வாங்கினால் லோரி போகாமல் தேரா போகும்? ஆனால் மழை விட்ட அந்த அந்தி நேரத்தில் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. ஜன்னல் வழியே மோகனாவுக்கு நன்றாகவே தெரிந்தது.

அந்த வீட்டில் தட்டுகளை நடுங்க வைத்தது ஒன்றே ஒன்றுதான். அவள் மாமனார் அங்கமுத்துவின் குரல். அவருக்குக் கருமாதியே முடிந்துவிட்டது.

அங்கமுத்துவுக்குக் குரல் கொடுத்த கடவுள் மேல்பாதியைக் கொடுக்க மறந்துவிட்டான். செலண்டார் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலம் தொட்டு, பஜனைக் கூட்டத்தை நடத்தும் சாமிநாதன் ஆர்மோனியத்தோடு வரியைப் பாடுவார். வரி முடிகிற இடத்தில் அங்கமுத்து கீழே இறங்குவார். மற்றவர்கள் மூச்சுத் திணறி நின்றுவிடும் மந்தர ஸ்தாயிக்கும் கீழே, இன்னும் கீழே. காதில் விழுவதற்கு முன்பே உள்ளங்காலில் ஏறிவிடும். மோகனா உண்டான பிறகு, சாயங்காலமானால் எதிரே நாற்காலியைப் போட்டு அவளுக்காகவே பாடுவார். வயிற்றுப் பிள்ளை உதைக்கும். "பாத்தியாம்மா, பேரன் பதில் சொல்றான்!" என்று சிரிப்பார். ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்த உதைதான் உயிர்.

அவர் போனதிலிருந்து பிள்ளை அசையவே இல்லை. துடிப்பு இருக்கிறது, பயப்படாதே என்றாள் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி. சொல்லுவாள், அவளுக்கென்ன! வயிற்றில் கல்லைச் சுமப்பதுபோல் நடமாடியவள் மோகனாதானே.

அதனால்தான் அன்று பஜனை தொடங்குமுன் அவள் சாமிநாதனிடம் கேட்டுவிட்டாள். "பெரியப்பா, மாமா பாடுற எடத்த மட்டும் சும்மா விட்டுடுங்க. இந்தப் புள்ளைக்காக."

சாமிநாதன் முகம் சுண்டிப் போனது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் போனால் அவர் பங்கை அன்றைக்கே இன்னொருவர் எடுத்துக்கொள்வார். காலியாக விட்டதே கிடையாது.

"அது வழக்கமில்லம்மா. விட்ட எடத்துல எது வந்து ஒக்காரும்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"ஒரே ஒரு பாட்டு, பெரியப்பா."

பிள்ளைத்தாய்ச்சி கண்கலங்கிக் கேட்டால் யாரால் மறுக்க முடியும்?

முதல் வரி முடிந்தது. ஆர்மோனியமும் ஜால்ராவும் நின்றன. சாம்பிராணிப் புகை, வாசலில் நனைந்து கிடந்த செருப்புகளின் வாடை, தலைக்கு மேல் காற்றாடியின் கறக் கறக். வேறொன்றும் இல்லை.

இரண்டாவது வரி. நிறுத்தினார்.

தட்டுகள் கலகலத்தன. தரையிலிருந்து, சப்பணமிட்ட கால்களின் வழியாக, முதுகுத்தண்டு வழியாக ஏறி வந்தது அது. மோகனாவுக்குப் பழகிய அதிர்வு. வயிற்றில் ஓர் உதை.

"ஒதைக்கிறான்! ஏங்க, ஒதைக்கிறான்!"

அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நிமிடம் அவளைவிடக் கொடுத்துவைத்தவள் மலாக்காவிலேயே இல்லை.

மூன்றாவது வரியைச் சாமிநாதன் பாடவில்லை. ஆர்மோனியத்தை மூடிவிட்டார்.

கீழ்க்குரல் நிற்கவில்லை.

இறங்கியது. அங்கமுத்து தொடும் ஆழம் மோகனாவுக்கு மனப்பாடம். அதைத் தாண்டியது. இன்னும் இறங்கியது. மாமா ஒவ்வோர் இறக்கத்துக்கும் முன்னால் லேசாக இருமி மூச்சு வாங்குவார். இதற்கு மூச்சே தேவைப்படவில்லை.

"பெரியப்பா, இது மாமா இல்ல. நிறுத்தச் சொல்லுங்க!"

"நான் என்னத்தம்மா நிறுத்துறது? நான் பாடலியே."

எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். சுவரில் மாலையிட்ட படம். தரை. அடுப்படி. பிறகு ஒவ்வொரு தலையாக மோகனாவின் பக்கம் திரும்பியது. அவளுடைய வயிற்றின் பக்கம்.

உதை பலத்தது. விளையாட்டு உதை இல்லை. பூட்டிய கதவை உள்ளிருந்து உதைப்பதுபோல்.

எழப் பார்த்தாள். கால் வரவில்லை. யாரும் கை கொடுக்கவில்லை. ஐயோ என்று கத்த வாயைத் திறந்தாள்.

அந்தக் குரல் அவள் வாயிலிருந்து வந்தது.

கவிநேசன் பாய்ந்து வந்து வாயைப் பொத்தினான். விரல்கள் அதிர்ந்தன. குரல் குறையவில்லை. மறுகையை அவள் வயிற்றில் வைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கேட்க வாய் இல்லை. கண்ணால் கேட்டாள்.

உள்ளே உதை தளர்ந்தது. ஒன்று. இன்னும் மெல்ல, இன்னொன்று.

நின்றது.

கவிநேசனின் இரண்டு கைகளும் நழுவி விழுந்தன. மோகனாவின் கண்களில் நீர் வழிந்தது. அவள் வாய் பாடிக்கொண்டே இருந்தது.