கவட்டை வார்

நுஸைபா முதலில் பார்த்தது அவன் கண்களை அல்ல. அவன் முதுகை.

திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. பழனி பஸ்ஸிலிருந்து இறங்கியவன் முதுகில் ஒரு கொய்யாக் கூடை. கூரைக்குள் ஓடிவந்து கூடையை இறக்கிவிட்டுத் திரும்பி நின்றான். இரு தோள்களிலிருந்தும் இறங்கிய தோல்வார்கள் முதுகின் நடுவே ஒரு வளையத்தில் சேர்ந்து, ஒற்றை வாராக இடுப்புக்குப் போயின. இடுப்பு வாரில் மூன்று அறைகள் வைத்த சின்னத் தோல்பை.

அவளுக்கு மூச்சு நின்றது. மழையால் அல்ல... காதலாலும் அல்ல.

அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் காலாட்படை வீரனின் வார். பை, தோட்டாப் பை.

ஐரோப்பாவில் பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுக்கள் உண்டு. வீரன் வேடம் போடுகிறவனுக்குச் சட்டையின் பொத்தானிலிருந்து காலணியின் ஆணி வரை எல்லாம் அச்சு அசலாக வேண்டும். அதில் தோல் சாமான்களை இதே ஊர்ப் பேகம்பூரில் அவளைப் பெற்ற அத்தா அப்துல் லத்தீப்பின் பட்டறை தைத்தது. தோல் மட்டும்தான், ஹிட்லர் காலத்துச் சின்னம் எதையும் அத்தா தொடமாட்டார். கல்லெறியும் கவட்டை போல இருப்பதால் அந்தத் தோள்வாருக்குப் பட்டறையில் கவட்டை என்றே பெயர். அத்தனையும் கப்பலேறிப் போகும். திண்டுக்கல்லில் அதை மாட்டிக்கொண்டு நடக்க யாருக்கும் அவசியமில்லை.

ஒவ்வொரு வாரின் உட்புறத்திலும் ‘அ.ல.’ என்று தமிழில் முத்திரை இருக்கும். யாரும் அதை நிஜப் போர்க்காலத்துச் சாமான் என்று சொல்லி விற்றுவிடக் கூடாது என்பதற்காக. ஆனால் போன வாரம், ஜெர்மனியில் ஓர் ஏலத்தில், முத்திரையில்லாத கவட்டை ஒன்று அசல் என்று விலைபோயிருந்தது. வாங்கும் கம்பெனிக்காரர் தையலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். எப்படி வெளியே போனது என்று சொல்லாவிட்டால் இனி ஆர்டர் இல்லை என்று எழுதியிருந்தார். அவர் இல்லாவிட்டால் பட்டறை இல்லை.

நுஸைபா குடையை மடக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

அவன் திரும்பினான். மழைத்துளி தங்கிய இமைகள்... அதற்குக் கீழே எதையும் ஒளிக்கத் தெரியாதவை போன்ற கண்கள். அப்படிப்பட்ட கண்களைத்தான் நம்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கொய்யா வேணுங்களா?"

வேண்டும் என்றாள். அவன் ஒரு பழத்தை நாலாய்க் கீறினான். தோட்டாப் பையின் முதல் அறையைத் திறந்தான். உள்ளே உப்பும் மிளகாய்ப்பொடியும்.

சிரிப்பு வந்தது. அடக்கினாள்.

"இந்தப் பை எங்க வாங்குனீங்க?"

"வாங்கலீங்க. குடுத்தாங்க."

"யாரு?"

"அதச் சொல்லக் கூடாதுங்க."

"ஏன், திருட்டுச் சாமானா?"

அவன் சிரித்தான். "பழத்தச் சாப்பிடுங்க. உறைப்பு போதுங்களா?"

வார் அழகாக இருக்கிறதே என்று சொல்லி அதன் ஓரத்தைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தாள். முத்திரை இல்லை. ஆனால் தையலின் முடிவில் நூல் இரண்டு துளை பின்னால் வந்து மறைந்திருந்தது. அப்படி முடிக்கிறவர் ஒருவர்தான். அவள் அத்தா.

ஆக, பட்டறையிலிருந்துதான் போயிருக்கிறது. யார் மூலமாக? தோல் வெட்டும் சதாமா? மூட்டை கட்டுகிறவர்களா? வீட்டில் ஒரு விசேஷம், நிறையக் கொய்யா வேண்டும் என்று ஒரு பொய் சொல்லி அவன் எண்ணை வாங்கிக்கொண்டாள். பெயர் இஷாக். ஊர் ஆயக்குடி. சொந்தத் தோப்பு.

அவன் கூடையை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினான். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான். திருடன்தான் திரும்பிப் பார்ப்பான்... அவள் நெஞ்சு ஏன் அப்படி அடித்துக்கொண்டது என்பதை மட்டும் அவள் விசாரிக்கவில்லை.

அடுத்த நாட்களில் அவள் பட்டறையில் எல்லோரையும் கவனித்தாள். சதாம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் ஜன்னலோரம் நின்றாள். வெட்டுத்துண்டுகளை மூட்டை கட்டும்போது அவிழ்க்கச் சொன்னாள். அத்தாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு ரத்தக்கொதிப்பு. ஏலத்து விஷயமே அவருக்குத் தெரியாது. எதுவும் பிடிபடாமல் போகவே, இஷாக்குக்குப் போன் செய்து கொய்யா கொண்டுவரச் சொன்னாள். அவன் குரலில் தெரிந்த சந்தோஷம் அவளை இன்னும் சந்தேகப்பட வைத்தது.

அவன் வந்தபோது சாயங்கால அசர் தொழுகை நேரம். அத்தா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். இஷாக் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். அதன்மேல் கவட்டை. வாசற்படியில் அவன் கண் சுவருக்குப் போனது. அங்கே வரிசையாகக் கவட்டைகள், தோட்டாப் பைகள், இடுப்பு வார்கள் தொங்கின. அவன் முகம் மாறியது. ஏதோ புரிந்துவிட்ட முகம்.

மாட்டிக்கொண்டான் என்று நினைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க. இதை யாரு குடுத்தா?"

அவன் சதாமைப் பார்த்தான், மற்றவர்களைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். சொல்லமாட்டனுங்க என்றான்.

அதன் பிறகு அவள் பேசியதை எல்லோரும் கேட்டார்கள். மூஞ்சியைப் பார்த்தால் பால் வடிகிறது, செய்வது களவு என்றாள். உன்னால் இங்கே அம்புட்டுப் பேர் அடுப்பிலும் பூனை படுக்கப்போகிறது என்றாள். மரியாதைப் பன்மை எப்போது ஒருமைக்கு இறங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் கொக்கிகளைக் கழற்றினான். தோட்டாப் பையிலிருந்த மிளகாய்ப்பொடியை ஒரு காகிதத்தில் கொட்டி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பையைத் துடைத்து, கவட்டையோடு மேசைமேல் வைத்தான்.

"நான் களவாணி இல்லீங்க. ஆனா வாக்கு குடுத்திருக்கறன். இது உங்களுக்கு உறுத்துச்சுன்னா நீங்களே வச்சுக்குங்க."

கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு தூறலில் போனான். இந்த முறை திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தா தொப்பியைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தார். மேசைமேல் கிடந்ததைப் பார்த்ததும் நின்றார்.

"ஆயக்குடித் தம்பி வந்தானா? எங்கம்மா அவன்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஏலத்து விஷயம் உட்பட. அத்தா கோபப்படவில்லை. கவட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அது அவர்கள் வீட்டில் பக்ரீத்துக்குக் குர்பானி கொடுத்த எருமையின் தோல் என்றார். குர்பானித் தோலை விற்று நாம் காசு பார்க்கக் கூடாது. அதனால் வருஷாவருஷம் அதைப் பதனிட்டு, தன் கையாலேயே தைத்து, சுமை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்துவந்தார். பழம் வாங்க ஆயக்குடிக்குப் போனபோது, கயிறு அறுத்து இஷாக்கின் தோள் புண்ணாகியிருந்ததைப் பார்த்தார். அவனுக்கு ஒன்று, அவன் வாப்பாவுக்கு ஒன்று கொடுத்தார். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது. யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லியிருந்தார்.

"முத்திரை?" என்றாள் நுஸைபா.

"அது விக்கிற சாமானுக்கும்மா. இதுக்கு எதுக்கு?"

கப்பலில் போகிற சாமானை மட்டுமே கணக்கில் வைத்த அத்தாவுக்கு, கையால் கொடுத்ததும் கடல் தாண்டும் என்று தோன்றவில்லை. நுஸைபா கம்பெனிக்காரருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினாள். தானமாகக் கொடுப்பதற்கும் ஓர் அடையாளம் போடுங்கள், போதும் என்று பதில் வந்தது. அத்தா புது அச்சு செய்யச் சொன்னார். என்ன எழுத்து என்பதை அவளிடமே விட்டுவிட்டார்.

சதாமிடம் மன்னிப்புக் கேட்டாள். அது சுலபமாக இருந்தது. ஆயக்குடிக்குப் பஸ் ஏறுவதுதான் சுலபமாக இல்லை. கேட்டால் குறைந்துபோய்விடுவோமோ என்று ஒட்டன்சத்திரம் வரை யோசித்தாள். அதற்கப்புறம் மழை வந்தது. யோசிப்பதை நிறுத்தினாள்.

கொய்யாச் சந்தையில் தார்ப்பாயின் கீழே அவன் தனியாக நின்றான். சட்டைத் தோளில் கயிற்றின் தடம். அவளைப் பார்த்ததும் பழங்களை அடுக்க ஆரம்பித்தான். அடுக்கிய பழங்களையே மறுபடி அடுக்கினான்.

"அத்தா சொல்லிட்டாங்க. தப்பு என்னோடதுதான்... மன்னிச்சுக்கங்க," என்றாள்.

அவன் கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தான். பிறகு, தப்பு தன் பேரிலும் இருக்கிறது என்றான். வாப்பா மௌத்தாகி அடக்கமானபின் அவருடைய கவட்டை சும்மா தொங்கியது. கொடைக்கானலுக்குச் சைக்கிளில் போன ஒரு வெள்ளைக்காரனுக்குப் பையின் வார் அறுந்துபோயிற்று. இனாமாக வந்ததை இனாமாகவே கொடுத்தான். அந்த வெள்ளைக்காரன் ஊருக்குப் போய் அதை என்ன செய்தானோ தெரியாது.

"அப்ப நான் சந்தேகப்பட்டது பாதி சரிதான்," என்றாள்.

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"போன் பண்ணுனீங்கள்ல... பழத்துக்குக் கூப்பிடறீங்கன்னு நான் நம்பலீங்க."

"பின்ன?"

"என்னையப் பாக்கத்தான்னு நெனச்சனுங்க. அதான் சட்டைக்கு இஸ்திரி போட்டு..." முடிக்கவில்லை.

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையிலிருந்து கவட்டையை எடுத்தாள். தார்ப்பாய்க்கு வெளியே மழையில் நீட்டிப் பிடித்தாள். தோல் ஈரமானால்தான் முத்திரை பதியும். எடைக்கல்மேல் அதை விரித்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த புது அச்சை வைத்து, சுத்தியலால் ஒரே அடி.

அவன் குனிந்து பார்த்தான். ஒற்றை எழுத்து. ‘நு’, அவள் பேரின் முதலெழுத்து.

"விக்கறதுக்குத்தான் முத்திரைன்னு உங்க அத்தா குடுக்கறப்பச் சொன்னாருங்களே..."

"இது வேற. இதப் போட்டா இனி யாருக்கும் குடுக்கக் கூடாது."

அவன் விரல் அந்த எழுத்தின்மேல் நின்றது.

"வாரை மட்டும்தானுங்களா?"

அவள் நிமிர்ந்து அந்தக் கண்களைப் பார்த்தாள், எங்கேயாவது ஒரு பொய் ஒளிந்திருக்கிறதா என்று, பழக்கத்தில். தேடிக்கொண்டே இருந்தாள்... எதுவும் அகப்படவில்லை.

"அத மாட்டிக்கிற ஆளையும்தான்," என்றாள்.