உயரம்: வரம்பில்லை

திங்கட்கிழமை காலை பிரையனி கெட்டிலை நிரப்பக் குழாயைத் திறந்தபோது சமையலறை ஜன்னலின் அடிப்பகுதி இருட்டாக இருந்தது. அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை. மேல் கண்ணாடியில் ஜூன் மாத வெயில் பளீரென்று அடிக்க, அடியில் ஒரு சாண் உயரத்துக்கு மட்டும், வெளியே யாரோ பலகையைச் சாத்தி வைத்ததுபோல் கறுப்பு. பின்கதவு வழியாகப் போய்ப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் புல்தரை, அதற்கப்பால் தட்டையான வயல்கள், வாய்க்கால், மேலே இந்தச் சதுப்பு நிலத்துக்காரர்களுக்கென்றே தாராளமாக விரித்துப் போட்ட வானம். ஜன்னலை எதுவும் மறைக்கவில்லை. உள்ளே வந்தால் கறுப்பு அப்படியே இருந்தது. கூடவே ஈரச் சுண்ணாம்பின் வாடை.

"டீ இன்னிக்கே வருமா, இல்ல அடுத்த மாசப் பென்ஷனோட வருமா?" முன்னறையிலிருந்து கணவன் மெர்வின் குரல் கொடுத்தான். ஆயுள் முழுக்க லாரி ஓட்டிய மனிதன். இடுப்பெலும்பு மாற்றியதிலிருந்து மாடி ஏற முடியாமல் முன்னறைக் கட்டிலில் கிடந்தான்.

"ஜன்னல்ல என்னமோ கறை மெர்வ். தொடச்சாலும் போகல."

"என் மூஞ்சியத் தொடச்சுப் பாரு, அதுவும் போகாது." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, "பக்கத்து வீட்ல கொத்து வேல ஆரம்பிச்சிட்டாங்களா? விடிஞ்சதுலேர்ந்து ஒரே கரண்டிச் சத்தம்" என்றான்.

அவளும் காது கொடுத்தாள். சர்ர்ர் என்று கலவையை இழுத்துப் பூசும் ஓசை. டொக், டொக் என்று கரண்டிப் பிடியால் செங்கல்லைத் தட்டி உட்கார வைக்கும் ஓசை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஸ்பெயினுக்கு விடுமுறை போயிருந்தார்கள். அவனிடம் டீயைக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினாள்.

கார் பாலத்தில் ஏறும்போதுதான் வெள்ளிக்கிழமை கணினியில் ஏற்றிய அந்த அட்டை நினைவுக்கு வந்தது.

இந்த நாட்டில் வீடு வாங்குபவர்கள் முதலில் ஊராட்சி அலுவலகத்தில்தான் கேட்பார்கள்: எந்த மரத்தை வெட்டக் கூடாது, எந்தச் சுவரை இடிக்கக் கூடாது, மனைக்கு என்ன கட்டுப்பாடு. அந்த விவரமெல்லாம் ஊர் ஊராக அலமாரிகளில் அட்டைகளாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இப்போது நாடு முழுவதற்கும் ஒரே கணினிப் பதிவேடு. ஒவ்வோர் ஊராட்சியும் தன் அட்டைகளை ஏற்றிக் கொடுத்துவிட வேண்டும். பிரையனி வேலை பார்க்கும் ஊராட்சிக்குக் கெடு போன வெள்ளிக்கிழமை.

கடைசிக் கட்டு அட்டைகளில் அவள் வீட்டு அட்டையே வந்தது. அவர்கள் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பு பக்கத்து மனைக்காரர் பதிந்தது. சட்டத்தில் அப்படி ஒரு கூத்து இருக்கிறது: ஒரு ஜன்னலுக்கு இருபது வருஷம் தடையில்லாமல் வெளிச்சம் வந்துவிட்டால், பிறகு அதை மறைத்துக் கட்ட முடியாது. அந்த இருபது வருஷம் நிறையாமல் தடுக்க நிஜமாகச் சுவர் எழுப்ப வேண்டியதில்லை. இந்த இடத்தில் சுவர் நிற்பதாகப் பதிந்தால் போதும். சட்டத்தின் கண்ணுக்கு அது கல்லும் சுண்ணாம்பும்தான். ஒரு வருஷத்தில் காலாவதியாகும், அட்டையைக் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். இதை யாரோ அடிக்க மறந்திருந்தார்கள். உயரம் என்ற இடத்தில் 'வரம்பில்லை' என்றிருந்தது.

அதைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போட்டால் அட்டைகளின் எண்ணிக்கை இடிக்கும். ஏற்றினாள். முடியும் தேதியைக் காலியாக விட்டாள். அட்டையில் இரு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சிவப்புக் கோடு. கணினியோ கோட்டை ஏற்க மறுத்தது, மூடிய வடிவம்தான் வேண்டுமென்றது. மேலதிகாரி டங்கன் வீட்டுக்குக் கிளம்பத் தயாராக வாசலில் நின்றார். அவள் கோட்டின் நுனியை இழுத்து, வீட்டைச் சுற்றிக் கொண்டுவந்து, தொடங்கிய இடத்திலேயே முடித்தாள். பச்சை விளக்கு வந்தது. எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள்.

அலுவலகம் சேர்ந்ததும் நேரே மேலதிகாரியிடம் போனாள்.

"டங்கன், என் வீட்டு அட்டை ஒண்ணு தப்பா ஏறிருச்சு. உடனே எடுக்கணும்."

"எடுக்கவா? வெள்ளிக்கிழமை கேக் வெட்டினது எதுக்கு? கை கழுவினதுக்குத்தானே! இனிமே அது நாட்டுப் பதிவேட்டுக்காரங்க சொத்து." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "திருத்தம் கேட்டு எழுதிப் போடுங்க. பாதி நாடே வரிசையில நிக்குது, ஆனாலும் வரும்."

எழுதிப் போட்டாள். அனுப்பிய கையோடு பதில் வந்தது. கோரிக்கை கிடைத்தது. திருத்தப்படும்வரை பதிவு உண்மையெனக் கொள்ளப்படும்.

போன் அடித்தது. மெர்வின்.

"பிரை, வெளிய என்ன இப்படி இருட்டிருச்சு? மழையா?"

அலுவலக ஜன்னலில் வெயில் கண்ணைக் கூச வைத்தது.

"முன்பக்க ஜன்னலுமா?"

"நாலு பக்கமும். மேல ஒரு கீத்துதான் தெரியுது. அந்தச் சத்தம் வேற, வீட்டச் சுத்திச் சுத்தி வருது கண்ணு." அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. பின்னால் சர்ர்ர். டொக்.

"வெளிய வா மெர்வ். வாக்கரப் புடிச்சிட்டு இப்பவே வா. நான் வரேன், போன வைக்காத."

அவள் ஓடினாள். காரின் ஒலிபெருக்கியில் வாக்கரின் கால்கள் மரத்தரையில் தட்டுவது கேட்டது. அவன் மூச்சு. தாழ்ப்பாள். கதவு திறக்கும் கிரீச்.

பிறகு கை எதையோ தடவும் ஓசை.

"மெர்வ்?"

"செங்கல்லு." அவன் இப்போது கேலி பேசவில்லை. "ஈரமா இருக்கு. பிரை, எனக்குப் பயமா இருக்கு."

வீடு வெயிலில் நின்றது. ரோஜாக்கள் பூத்திருந்தன. சுவர் எதுவும் இல்லை. அப்பாடா, ஒன்றுமே இல்லை என்று காரிலிருந்து குதித்தாள். நடைபாதையில் ஓடினாள். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. நிலைக்குள் மெர்வின் நின்றான். வாக்கர் பக்கத்தில் சாய்ந்திருந்தது, போன் அவன் சட்டைப் பையில்.

"மெர்வ்!"

அவன் கண்கள் அவள் பக்கம் வரவில்லை. கையை நீட்டினாள். விரல்கள் எதிலோ மோதின. சொரசொரப்பு. குளிர்ச்சி. பிசுபிசுவென்று ஈரம். கண்ணுக்கு வெறும் காற்று.

குத்தினாள். தோள்பட்டையால் இடித்தாள். முழங்கை தோலுரிந்தது.

"நான் எதிர்லதான் நிக்கிறேன் மெர்வ்! ஒரு அடி!" என்று போனில் கத்தினாள்.

அவன் உதடு அசைந்ததை நேரில் பார்த்தாள். குரல் போனில்தான் வந்தது.

"எங்க? ஒண்ணும் தெரியலியே கண்ணு. மேல ஒரு பொட்டு வெளிச்சம் இருக்கு. சின்னதாகிக்கிட்டே போகுது."

தலைக்கு மேலே, வெகு உயரத்தில், சர்ர்ர். டொக், டொக். இன்னும் மேலே. ஓசை தேய்ந்தது. நிற்கவில்லை.

மெர்வின் இரண்டு உள்ளங்கைகளையும் காற்றில் பதித்திருந்தான். நகக்கண்ணெல்லாம் சாம்பல் நிறச் சுண்ணாம்பு. தலையை அண்ணாந்து, மேலும் அண்ணாந்து, அந்தப் பொட்டைத் தேடினான். உச்சிவெயில் நேராக அவன் முகத்தில் அடித்தது. இமைக்கவில்லை. கும்மிருட்டில் விழிப்பவனுக்கு விரிவதுபோல் அவன் கண்மணிகள் கறுத்து, முழுசாக விரிந்திருந்தன.